குறி தெரிஞ்சவன்

சிரிச்சாங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல. பஸ் ஸ்டாண்டுல இறங்கி கண்ணாடிக் கடைக்கு எப்படிப் போகணும்னு கேட்டிருப்பீங்க. கேட்ட ஆளு, "கண்ணைக் கட்டிக்கிட்டு அடிச்சாரே, அவரு கடையா?"ன்னு கேட்டிருப்பான். கேட்டுட்டுச் சிரிச்சிருப்பான். எனக்குத் தெரியும் சார். டீக்கடையா, பூக்கடையா? சரி விடுங்க, யாரா இருந்தா என்ன, ஊரே ஒண்ணுதான்.

உக்காருங்க. இந்தச் சட்டத்தை மூக்குல வைக்கிறேன், கொஞ்சம் கனமா இருக்கும், பொறுத்துக்கங்க. இடது கண்ணை மறைச்சிருக்கேன். எதிர்ல இருக்கற எழுத்தை மேல இருந்து வாசிங்க. ம். ம். அடுத்த வரி? தெரியலையா? பரவால்ல, நாம மெதுவாப் பாப்போம். கண்ணு விஷயத்துல நான் அவசரப்படற ஆளு இல்ல. உங்க பஸ்ஸுக்கும் நேரம் கிடக்கு. அதுக்குள்ள நடந்ததை நடந்தபடி சொல்லிர்றேன். நீங்க வெளியூரு. உங்க வாயிலயாவது நியாயம் வருதான்னு பாக்கறேன்.

எங்க ஊர்ல செங்கமலத்தம்மன் கோயில் இருக்கு. விஜயதசமி அன்னைக்குச் சாயங்காலம் அம்மன் குதிரை மேல ஏறி மகர்நோம்புப் பொட்டல்ங்கிற மைதானத்துக்கு வரும். அங்க ஒரு வாழை மரத்தை வெட்டிக் கொண்டாந்து நட்டு வச்சிருப்பாங்க. அதுதான் அசுரன். அம்மன் அவன் மேல அம்பு விடணும். அம்மன் சார்புல வில்லைப் பிடிக்கிற பாத்தியதை எங்க வகையறாவுக்கு. எங்க வகையறான்னா ரெண்டே வீடு. ஒரு வருஷம் நான், ஒரு வருஷம் என் பங்காளி சந்தனம். என் பெரியப்பா மகன். என்னை விடக் கொஞ்சம் மூத்தவன், ஆனா நான் அண்ணேன்னு கூப்பிடறதில்ல, அது வேற கதை. செங்கச் சூளை வச்சிருக்கான்.

ஒரே ஒரு அம்புதான். அந்த அம்பு விழுந்த இடத்துக்கு ஊரே விழுந்தடிச்சு ஓடும். யாரு கையில கிடைக்குதோ அவங்க வீட்டுல இழுத்துக்கிட்டே கிடக்கிற காரியம் எதுவா இருந்தாலும் முடிஞ்சிரும்னு ஒரு நம்பிக்கை. கல்யாணமோ, போர்வெல்லோ, சிங்கப்பூர் விசாவோ, அவங்கவங்களுக்கு எது நிக்குதோ அது. ஆனா அம்பு விட்டவன் வீட்டாளுக மட்டும் எடுக்கக் கூடாது. சந்தனம் விட்டா என் பொண்டாட்டி எடுக்கலாம், நான் விட்டா அவன் மக எடுக்கலாம். அந்த ஒரு கட்டுப்பாடு உண்டு.

இப்பப் பாருங்க, என் தாத்தா விட்டாரு, அப்பா விட்டாரு, நான் விட்டேன், ஒருத்தரு அம்பும் அந்த வாழை மரத்து மேல பட்டதில்ல. அம்மன் பேரைச் சொல்லி இழுத்து விட்டா அது பாட்டுக்கு எங்கயாவது போகும். எனக்கும் அதுல ஒண்ணும் குறையில்லாமத்தான் இருந்துச்சு. ஒரு வருஷம் நான் விட்ட அம்பு கூட்டத்துக்குப் பின்னால போயி பிரியாணி அண்டாவுல விழுந்துச்சு. பிரியாணிக்காரன் கையில கிடைச்சது, அவன் தங்கச்சிக்கு அந்தத் தையில கல்யாணம் ஆச்சு. நல்ல விஷயம்தானே? ஆனா சந்தனம் மறுநாள் டீக்கடையில உக்காந்து என்ன சொன்னான் தெரியுமா?

"கண்ணாடிக் கடைக்காரன் கண்ணுக்கு இம்புட்டுப் பெரிய வாழை மரம் தெரியல. இவன்கிட்டப் போயி நாம கண்ணைக் காட்டுறோம்."

அவன் சூளைப் புகை மாதிரி அந்தப் பேச்சு ஊர் பூராவும் பரவிருச்சு. கடைக்கு வர்ற ஆளெல்லாம், "பூமிநாதா, நான் தெரியறேனா?"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டான். கண்ணு சோதிக்கப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுனாங்க சார், இங்க நான் இருக்க. அன்னைக்கு முடிவு பண்ணேன். அடுத்து என் பாத்தியதை வரும்போது அந்த மரத்தை நான் அடிக்கணும். நட்ட நடுவுல அடிக்கணும்.

இப்ப வலது கண்ணை மறைக்கிறேன். இடது கண்ணால வாசிங்க. ஆங், இது தேவலாமே.

எங்க ஊர்ப் பொண்ணுக ஸ்கூல்ல பிரிசில்லா டீச்சருன்னு ஒரு பி.டி. டீச்சர் இருந்தாங்க. காலேஜ்ல வில்வித்தை பழகுனவங்கன்னு கேள்விப்பட்டுப் போயி நின்னேன். என் மூங்கில் வில்லை வாங்கிப் பாத்தாங்க. திருப்பிப் பாத்தாங்க.

"சார், நான் பழகின வில்லுல கண்ணுக்கு நேரா ஒரு புள்ளி இருக்கும். அதைக் குறி மேல வச்சு விட்டா வேலை முடிஞ்சது. உங்க வில்லுல என்ன இருக்கு? பூச்சரம்தான் இருக்கு."

இவ்வளவுதானேன்னு வீட்டுக்கு வந்தேன். கடையில கிடந்த ஒரு லென்ஸ் துண்டுல சிவப்புப் பொட்டு வச்சு வில்லுல கம்பி போட்டுக் கட்டினேன். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்னு பூசாரிகிட்டக் கொண்டு போனா, மனுசன் எந்திரிச்சே நின்னுட்டாரு. "அம்மன் வில்லுக்குக் கண்ணாடி மாட்டுறியா? அம்மனுக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்கிறியா?" நான் என்ன சொல்ல? இந்த ஊர்ல விஞ்ஞானம் வளராது சார்.

மறுபடி டீச்சர்கிட்டயே போனேன். டீச்சர் கேட்டாங்க, "கல்லெடுத்து மாங்கா அடிச்சிருக்கீங்களா?"

"நிறைய."

"அடிக்கறப்ப ஒரு கண்ணை மூடுவீங்களா?"

"எதுக்கு மூடணும்?"

"கையைப் பாப்பீங்களா, மாங்காயைப் பாப்பீங்களா?"

"மாங்காயைத்தான்."

"இதுவும் அதேதான். அம்பைப் பாக்காதீங்க. வில்லைப் பாக்காதீங்க. எங்க போகணுமோ அங்க மட்டும் பாருங்க. மிச்சத்தைக் கை பாத்துக்கும்."

எனக்கு இது சுத்தமா ஒத்து வரல. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளா ஆளுகளை ஒரு கண்ணை மூடச் சொல்லி ஒரு கண்ணாலப் பாக்கச் சொல்லிப் பழகினவன். ரெண்டு கண்ணையும் தெறந்து வச்சுக்கிட்டு, எதையும் அளக்காம, கை பாத்துக்கும்னா? கைக்கு என்ன கண்ணா இருக்கு? ஆனாலும் சொன்னபடி செஞ்சேன். மூடிக் கிடக்கிற ரைஸ் மில்லுக்குப் பின்னால உமி மூட்டையை அடுக்கி வச்சுப் பழகினோம். நான், டீச்சரு, அம்பு பொறுக்கிக் குடுக்க என் பொண்டாட்டி அரசி. ஊருக்குத் தெரியாம. தெரிஞ்சா அன்னைக்கு மலைச்சு நிக்க மாட்டாங்கல்ல?

ஒரு அம்பாவது மூட்டையில படணுமே. எல்லாம் இடது பக்கம். இழுத்து விட்டா இடது பக்கம், அம்மனைக் கும்பிட்டு விட்டா இடது பக்கம். அங்க ஒரு எருக்கஞ்செடி நின்னுச்சு, அது கந்தலாப் போச்சு. "அந்தச் செடிக்கும் உங்களுக்கும் என்னங்க பகை?"ன்னு அரசி கேட்டா. நாண் வந்து அடிச்சு அடிச்சு இடது முழங்கை கன்னிப் போச்சு. அவதான் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுத்தி விட்டா. சுத்தும்போதும் சிரிப்பு.

டீச்சர் ஒரு நாள் பாத்தாங்க, ரெண்டு நாள் பாத்தாங்க. அப்புறம், "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. விரலைச் சேத்து நடுவுல சின்ன ஓட்டை பண்ணுங்க. அது வழியா மூட்டையைப் பாருங்க"ன்னாங்க. பாத்தேன். "இப்ப இடது கண்ணை மூடுங்க"ன்னாங்க. மூடினேன். மூட்டையைக் காணோம். தெறந்தா இருக்கு. மூடினா காணோம்.

"உங்களுக்கு இடது கண்ணுதான் சார் முதலாளி. நீங்க அம்பை வலது கண்ணுக்குக் கீழ வச்சு இழுக்கறீங்க, பாக்கறது இடது கண்ணு. அப்புறம் எப்படி மூட்டைக்குப் போகும்? ஊர்க் கண்ணெல்லாம் பாக்கறீங்களே, உங்க கண்ணு எதுன்னு இதுவரைக்கும் தெரியாதா?"

தெரியும் சார். தெரியாம இருக்குமா? அந்தம்மாவுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் பேசாம இருந்தேன். அரசி இதை நம்ப மாட்டேங்கிறா, நீங்க நம்புறீங்கல்ல?

இடது கையால இழுத்துப் பழகுங்கன்னாங்க. அம்மன் அம்பை இடது கையால விடறதா? பூசாரி என்னை அந்த வாழைக்குப் பக்கத்துலயே நட்டிருவாரு. கடைசியில, நாணை வலது கன்னத்துக்கு இழுக்காம நாடிக்குக் கீழ, நட்ட நடுவுல இழுக்கச் சொன்னாங்க. அம்பு மூக்குக்கு நேராக் கீழ வந்திருச்சு. ரெண்டு கண்ணுக்கும் சண்டையில்ல. "மூட்டையைப் பாக்காதீங்க, மூட்டையில தையல் பிரிஞ்சு ஒரு நூல் தொங்குது பாருங்க, அந்த நூலைப் பாருங்க. வேற எதையும் நினைக்காதீங்க." நினைக்காம இருக்கறது லேசா? பாத்தா நூலுக்குப் பக்கத்துல சந்தனம் மூஞ்சி வருது. அவன் மூஞ்சி போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்து ஒரு நாள் விட்டேன். சொத்துன்னு ஒரு சத்தம். நூலு மேல நிக்குது அம்பு!

சார், பொய் சொல்லல, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்தச் சத்தம் இருக்கே, என் கல்யாண மேளத்துல கூட எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வரல. இதை அரசிகிட்டயும் சொன்னேன், அன்னைக்குச் சோறு கொஞ்சம் காந்தலா வந்துச்சு.

என் வருஷம் வந்துச்சு. விஜயதசமிக்கு முந்தின நாள் சந்தனம் கடைக்கு வந்தான். வராத ஆளு. இந்த நாற்காலியிலதான் உக்காந்தான். "பூமி, நாளைக்கு அம்பைக் கொஞ்சம் இடது பக்கமா விடு. வலது பக்கம் பொம்பளையாளுக நிப்பாங்க, நெரிசலாகும்." எவ்வளவு திமிரு பாத்தீங்களா? நான் மரத்தை அடிக்க மாட்டேங்கறது அவன் கணக்கு! எந்தப் பக்கம் தப்பணும்னு எனக்குச் சொல்லிக் குடுக்க வந்திருக்கான். "பாப்போம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டேன்.

அவன் போயி கொஞ்ச நேரத்துல அவன் மக தேன்மொழி வந்தா. தேனு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிக்கிற வேலை. தாயில்லாப் பிள்ளை, சந்தனம்தான் வளத்தான், அதை நான் மறுக்க மாட்டேன். கட்டிக் குடுத்த இடம் சரியில்லாம வந்துட்டா. டைவர்ஸ் கேஸ் கிடக்கு. அவளும் உக்காந்து, "சித்தப்பா, நாளைக்கு அம்பு வலது பக்கமா வந்தா நல்லாருக்கும்"ங்கிறா. அப்பன் இடதுங்கிறான், மக வலதுங்கிறா, நடுவுல ஒரு மரம் நிக்குதே, அது ஒருத்தர் கண்ணுலயும் படல!

"தேனு, நான் மரத்தை அடிக்கப் போறேன்"னேன்.

"ஐயோ சித்தப்பா, அதெல்லாம் வேண்டாம், எனக்கு ஒரு..."

"வேண்டாமா? ஏன், என்னால முடியாதுன்னு நினைக்கறியா?"ன்னு கேட்டுட்டு, நாடிக்குக் கீழ நாண் இழுக்கற முறையை அவளுக்கு விவரமா விளக்கினேன். அவ ஏதோ சொல்ல வந்தா. ஆனா நான் எருக்கஞ்செடி வரைக்கும் வந்துட்டேன், அப்ப நிறுத்த முடியாதுல்ல. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பொறுமையான பொண்ணு.

மறுநாள் பொட்டல். அம்மன் வந்தாச்சு, மேளம் உச்சத்துல நிக்குது, ரெண்டு பக்கமும் கயிறு கட்டி அதுக்குப் பின்னால ஊரு. வலது பக்கம் முன்வரிசையில தேனு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஓடத் தயாரா நிக்கிறா. நான் யாரையும் பாக்கல. வாழை மரத்துல ஒரு பட்டை லேசாக் கிழிஞ்சு தொங்குச்சு, அதை மட்டும் பாத்தேன். நாடிக்குக் கீழ இழுத்தேன். விட்டேன்.

சொத்து.

நட்ட நடுவுல. கிழிஞ்ச பட்டையை மரத்தோட சேத்துத் தச்சு வச்ச மாதிரி நிக்குது. நான் கையை உயத்திக்கிட்டுத் திரும்பினேன், ஊர் ஆர்ப்பரிக்கும்னு. ஒரு சத்தம் இல்ல சார். மேளக்காரன் கூட நிறுத்திட்டான். ஓடறதுக்குக் குனிஞ்சவங்க குனிஞ்சபடியே நிக்கிறாங்க. எங்க ஓடறது? ஒரு கிழவி முதல்ல வாயத் தெறந்தா. "படுபாவி, மரத்துல அடிச்சிட்டானே!" அம்புட்டுத்தான். என் தாத்தா காலத்துல இருந்து அடிக்க முடியாத அசுரனை அடிச்சிருக்கேன், என்னைத் திட்டுறாங்க! பூசாரிக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. அவசரமா அம்பைப் பிடுங்கி அம்மன் காலடியில வச்சு உள்ள கொண்டு போயிட்டாரு. தேனு அந்தப் புழுதியில அப்படியே உக்காந்துட்டா.

ஒரே ஒரு ஆளுதான் சந்தோசப்பட்டான். யாருங்கிறீங்க? சந்தனம்! கயிறைத் தாண்டி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு, "அடிச்சிட்டியேடா பூமி! அடிச்சிட்டியே!"ன்னு முதுகுல தட்டுறான். கண்ணுல தண்ணி. என்ன இருந்தாலும் ரத்தம்ல? பகையாளியா இருந்தாலும் திறமையை ஒத்துக்கிட்டான் பாருங்க. அந்த விஷயத்துல அவன் பெரிய மனுசன்னு அன்னைக்கு நினைச்சேன்.

இருங்க, இந்த லென்ஸை மாத்திப் போடறேன். இப்பத் தெளிவா இருக்கா? முன்னதா, இதா? திரும்பப் போடட்டுமா? முன்னதுதான். சரி.

அதுக்கப்புறம் ஊர்ல எது நடக்கலைன்னாலும் நான்தான் காரணம். போர்வெல்லுல தண்ணி வரலையா, பூமிநாதன். விசா திரும்பி வந்திருச்சா, பூமிநாதன். "கண்ணு தெரியாம இருந்தப்பவே நல்லா இருந்தானே"ன்னு என் காது படப் பேசுறாங்க. முன்னாடி, கண்ணு தெரியாதவன்னு கடைக்கு வரல. இப்ப, கண்ணு தெரிஞ்சவன்னு வரல. நான் என்னதான் பண்றது?

அந்தச் சமயத்துலதான் தேனு மறுபடி வந்தா. இந்தத் தடவை நான் வாயத் தெறக்கறதுக்கு முன்னாலயே, "சித்தப்பா, இன்னைக்கு நான் பேசறேன்"னுட்டா. கேஸு ஏன் இழுக்குதுன்னா, இவ அப்பன்தான் இழுக்கறான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னால வக்கீல்கிட்டப் போயி, இன்னும் ஒரு தடவை பேசிப் பாப்போம், பொண்ணு மனசு மாறும்னு சொல்லித் தள்ளி வச்சிருவான். வாழாவெட்டின்னு பேரு வந்துருமாம். அவனை மீறி இவ போக மாட்டா. ஒரு நாள் சண்டை முத்திப்போயி சந்தனம் அம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்கான். "அம்பு உன் கைக்கு வரட்டும். அப்புறம் நீ என்ன செஞ்சாலும் நான் வாயத் தெறக்க மாட்டேன்."

"அப்பா விடற வருஷம் நான் எடுக்கக் கூடாது. நீங்க விடற வருஷம்தான் எனக்கு வழி. நீங்க மரத்தை அடிச்சதுல இன்னும் ரெண்டு வருஷம் சித்தப்பா"ன்னா. கோவமே இல்லாமச் சொன்னா. அதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. திட்டியிருந்தா நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

என் மேல தப்பில்ல சார். முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல? அப்படின்னு அரசிகிட்டக் கேட்டேன். "சொல்ல விட்டாத்தானே"ன்னா. இவளுக்கு எப்பவும் அந்தப் பக்கம்தான்.

சரி, அடுத்த என் வருஷம் வலது பக்கமா விட்டுருவோம், தேனு ஓடி எடுத்துக்கட்டும்னு நினைச்சேன். மரத்தை அடிக்கத் தெரிஞ்சவனுக்கு அதைத் தள்ளி அடிக்கத் தெரியாதா? ஆனா கோயில் கமிட்டி கூடிப் பேசுது. தலைவர் சொல்றாரு, "பூமிக்குக் குறி தெரிஞ்சு போச்சு. முன்ன விழுந்த அம்பு அம்மன் போட்டது. இனிமே எங்க விழுந்தாலும் அது இவன் போட்டது. இவன் வேண்டியவனுக்குப் போடுவான். இந்தத் தடவை கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் விடணும்." எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. முதல்ல தூக்கினது பிரியாணிக்காரன்.

கண்ணாடிக் கடைக்காரன் கண்ணைக் கட்டறதுன்னா எப்பேர்ப்பட்ட அவமானம்! நான் எந்திரிச்சுப் போகப் பாத்தேன். அப்புறம் தேனு முகம் ஞாபகத்துக்கு வந்துச்சு, உக்காந்துட்டேன்.

டீச்சர்கிட்டப் போயிச் சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. "உங்களுக்கு இதுதான் சார் நல்லது. தப்பான கண்ணு குறுக்க வராது." சிரிச்சு முடிச்சிட்டு, "பாதத்தை நம்புங்க. பாதம் எங்க பாக்குதோ உடம்பு அங்க பாக்கும்"னாங்க. மறுபடி ரைஸ் மில்லு. அரசி தன் சேலைத் துணியால கண்ணைக் கட்டி விடுவா. மரம் எங்க இருக்கும்னு பாதத்தால தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு ஒரு சாண் வலது பக்கமா முன்பாதத்தைத் திருப்பி வச்சு இழுப்பேன். முதல்ல எல்லாம் கண்டபடி போச்சு. ஒரு அம்பு மில்லுக் கூரை மேல நிக்குது, இன்னும் எடுக்கல. அப்புறம் மெல்ல மெல்ல வழிக்கு வந்துச்சு. அரசி ஒரு தாம்பாளத்தை வலது பக்கம் தரையில வச்சிருந்தா. ஒரு நாள் அது டங்குன்னு கேட்டுச்சு. "விழுந்திருச்சுங்க!"ன்னு கத்துனா. அதுக்கு முன்னால என் விஷயத்துல அவ அப்படிச் சந்தோசமாக் கத்தி நான் கேட்டதில்ல.

போன விஜயதசமி. பொட்டல் நிறைஞ்சு பக்கத்து ஊர்க்காரனெல்லாம் வந்துட்டான் வேடிக்கை பாக்க. தேனு அதே வலது பக்கம், அதே முன்வரிசை. பூசாரி மஞ்சத் துணியால கண்ணை இறுக்கிக் கட்டிட்டாரு. கண்ணைக் கட்டினவனைக் கைபிடிச்சுக் கொண்டு போயி நிறுத்த ஒரு ஆளு வேணும். யாரு வந்தாங்கிறீங்க? சந்தனம். தானா முன்வந்தான் சார், யாரும் கேக்கல! "என் பங்காளிய நான் பாத்துக்கறேன்"னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனான். எனக்கு நெஞ்சு இளகிப் போச்சு.

நிறுத்தினான். நான் பாதத்தை மெல்ல நகத்தி, ஒரு சாண் வலது பக்கம் வச்சேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சந்தனம் எனக்குப் பின்னால ஒட்டி நிக்கிறான், மூச்சு கழுத்துல படுது. நாணை இழுக்கறப்ப என் தோள் மேல கை வச்சான். வச்சு மெல்ல அழுத்தினான். அழுத்தினதுல நான் லேசா இடது பக்கம் திரும்பின மாதிரி கூட இருந்துச்சு. பாசம் வந்தா மனுசன் கை சும்மா இருக்காது. நான் ஒண்ணும் சொல்லல. அம்மனை நினைச்சேன், தேனுவை நினைச்சேன், விட்டேன்.

சொத்து.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? தரையில விழுந்த சத்தம் இல்ல அது. கண்ணுக் கட்டைப் பிச்சுப் போட்டுப் பாத்தா, வாழை மரத்துல, நட்ட நடுவுல, இடுப்பு உயரத்துல நிக்குது.

எனக்கு அழுகை வந்திருச்சு சார். இவ்வளவு பழகியும் கை அதோட புத்தியைக் காட்டிருச்சேன்னு. ஊரு போன தடவை மாதிரித் திட்டல. கண்ணைக் கட்டியும் மரத்துலயான்னு பயந்து போச்சு. பூசாரி கையைக் கூப்பிக்கிட்டு நடுங்கறாரு. "இது பூமி இல்லப்பா, அம்மன்தான்"னு கமிட்டித் தலைவரே சொல்றாரு. சந்தனத்தைப் பாத்தேன். சிரிச்சபடி நின்னான், பெருமையா.

அப்பத் தேனு கயிறைத் தாண்டினா. ஓடல. நடந்து வந்தா. பூசாரிக்கு முன்னாலயே போயி, மரத்து மேல ஒரு காலை ஊணி, ரெண்டு கையாலயும் அம்பைப் பிடிச்சு இழுத்தா. வரல. மறுபடி இழுத்தா. வந்திருச்சு.

தலைவர் பதறிட்டாரு. "ஏம்மா, விழுந்த அம்பைத்தான் எடுக்கணும்!"

"விழலையே பெரியப்பா, அதுக்கு நான் என்ன பண்ண? போன தடவையும் இங்கதான் வந்து நின்னுச்சு, இந்தத் தடவையும் இங்கதான் நிக்குது. வந்து எடுக்கறதுக்கு ஆளில்லாம நிக்குதோ என்னமோ."

தேனு அவ அப்பனைப் பாத்தா. மேலெல்லாம் வாழைப்பால் கறை. அம்பை நீட்டினா. "அப்பா. அம்பு என் கையில இருக்கு."

சந்தனம் அவளைப் பாத்தான், அம்பைப் பாத்தான், அம்மனைப் பாத்தான். வாயத் தெறக்கல. கிட்ட வந்து, அவ கன்னத்துல ஒட்டியிருந்த நாரை எடுத்து விட்டான். அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டு அவ பின்னாலயே வீட்டுக்குப் போனான். அரசி பொட்டல்லயே நின்னு அழுதா. நான் மட்டும் என்ன, கையில கிடந்த மஞ்சத் துணி நனைஞ்சு போச்சு.

கேஸு முடிஞ்சிருச்சு சார். தை பொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. தேனு நல்லா இருக்கா, போன வாரம் வந்து கண்ணாடிக்குக் காதுக் கம்பி மாத்திக்கிட்டுப் போனா. யோசிச்சுப் பாருங்க, மேல அடிச்சிருந்தா அவளுக்கு எட்டியிருக்குமா? இடுப்பு உயரத்துல, எடுக்கறதுக்குத் தோதா அடிச்சது யாரு? இதை ஊர்ல ஒருத்தன் சொல்றானா? அம்மன்ங்கிறான், அதிர்ஷ்டம்ங்கிறான். கண்ணைக் கட்டினவர் கடைன்னு சிரிக்கிறான்.

ஆனா அதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். நேத்து சந்தனம் வந்தான். இந்த நாற்காலியில, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் உக்காந்தான். தன் வலது கையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் சொல்றான், "நீ சரியாத்தான்டா நின்ன பூமி. நான்தான் திருப்பி விட்டேன். இந்தக் கையால நானே திருப்பி விட்டேன்."

பாத்தீங்களா சார்? அடிச்சது நான். கண்ணைக் கட்டிக்கிட்டு அடிச்சது நான். இப்ப வந்து அதுலயும் பங்கு கேக்கறான்!